என் பக்கம் இருந்த புலி

என் மனைவியின் செல்போனைத் திறந்தால் முன்பு எங்கள் கல்யாணப் படம் வரும். இப்போது ஒரு யானை வருகிறது. ஒற்றைத் தந்தம், காதோரம் கிழிசல், உடம்பெல்லாம் செம்மண். மூன்று வருஷமாக அந்த யானையைப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சல். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். கட்டியவள் இன்னொரு ஆம்பளை படத்தை வைத்திருந்தால் சண்டை போடலாம், நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். யானை மேல் எங்கே போய்ப் பிராது கொடுப்பது?

அவள் பாண்டியில் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் கடலூர் ரோட்டில் ஓடும் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர். அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகி, வீட்டிலும் உப்பு வேண்டும் என்பதை ஊருக்கே கேட்கும்படி கேட்பார். அந்தத் தொண்டை அப்படியே எனக்கு வந்தது. நான் படியில் தொங்கிக்கொண்டு "அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம்!" என்று ஒரு குரல் விட்டால், எதிர் வாடையில் டீ குடிப்பவர் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வருவார். இந்தத் தொண்டையை வைத்துத்தான் இருபது வருஷமாகச் சாப்பிடுகிறேன்.

இந்தக் காட்டுப் பைத்தியத்தை அவளுக்கு ஒட்டவைத்தது அவளோடு வார்டில் இருக்கும் சிநேகிதி. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட பெண். லீவு கிடைத்தால் காடு காடாகச் சுற்றுவாள். நாலு வருஷத்துக்கு முன்னால் முதல் தடவையாக முதுமலைக்குக் கிளம்பினபோது நானும்தான் கூடப் போனேன். காலையில் ஜீப்பில் ஏற்றினார்கள். கைடு கையை மெதுவாக நீட்டினார். ஒரு மரத்தடியில் சிறுத்தை உட்கார்ந்திருந்தது. அய்யோ, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. வண்டியோ நிற்காமல் உருண்டுகொண்டிருக்கிறது. டிரைவர் கவனிக்கவில்லைபோல என்று நினைத்தேன். என் கை என்னைக் கேட்காமலேயே ஜீப்பின் தகரத்தில் ஓங்கி ஒரு தட்டு தட்டியது. வாய், பஸ்ஸை நிறுத்துகிற பழக்கத்தில், "ஹோல்டான்!" என்று கத்தியது.

சிறுத்தை போன திசைகூடத் தெரியவில்லை. மரத்திலிருந்த குரங்குகள் கத்த ஆரம்பித்துவிட்டன. ஜீப்பில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் மனைவி மட்டும் பார்க்கவில்லை. சேலம் தாண்டும்வரை அவள் என்னிடம் பேசவே இல்லை.

அடுத்த வருஷம் பந்திப்பூர் போவதற்கு ஒரே ஒரு பையை எடுத்து வைத்தாள். "உங்களுக்கு எதுக்குங்க வீண் அலைச்சல்" என்றாள். என்ன ஒரு கரிசனம்! இன்னொரு நர்ஸையும் சேர்த்துக்கொண்டு மூன்று பேராகப் போனார்கள். அதற்கடுத்த வருஷம் தேக்கடி. போன வருஷம் நாகரஹொளே. நான் பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பிவிட்டு என் பஸ்ஸுக்குப் போய் விசில் ஊதினேன்.

போனால் போகட்டும், அதுகூடப் பரவாயில்லை. திரும்பி வருவாளே, அப்போது முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். மூன்று நாளைக்கு மெதுவாகப் பேசுவாள், தானாகச் சிரிப்பாள். குழம்பு கொதிக்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுவிடுவாள். அந்த முகத்தைக் கல்யாணமான புதிதில் பார்த்தது. அதை வரவழைக்க என்னால் முடியவில்லை, மரத்தாலும் புல்லாலும் முடிகிறது என்றால் எனக்கு எப்படி இருக்கும்? போன இடத்துக் கைடைப் பற்றி வேறு சொல்வாள். "அவரு ஒரு தடவகூட சத்தமா பேசலங்க. கண்ணாலயே காட்டுவாரு." எனக்குத் தொண்டைக்குள் கொள்ளிக்கட்டை வைத்த மாதிரி இருக்கும்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டேன். "ஊர் ஒலகமே லீவு விட்டா நம்ம பாண்டிக்குத்தான் வருது. வாசல்லயே கடல வெச்சிக்கினு, நீ இன்னாத்துக்கு அவ்ளோ தூரம் போற? நாலு வாட்டி போயும் ஒரு புலியக்கூடப் பாக்கல."

"கடலு உங்கள மாதிரிங்க, சும்மாவே இருக்காது" என்றாள். சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "வார்டுல சிஸ்டர் சிஸ்டர்னு பத்து பேரு கூப்புடுவாங்க. பாவம், வலியில கூப்புடறாங்க, போவணும். வூட்டுக்கு வந்தா நீங்க. சாவி எங்க, பனியன் எங்க, இங்க வா. காட்டுல போயி உக்காந்தா என்னய யாருமே கூப்புடமாட்டாங்க. புலி வந்தா வருது, வராட்டி போவுது. ஆனா வந்தா நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் அழுகை மாதிரி ஏதோ வந்தது. அவள் எங்கே சந்தோஷமாக இருக்கிறாளோ அங்கே எனக்கும் ஒரு சீட் வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது. அந்த இடத்தில் என் இடத்தை அந்தச் சிநேகிதி பிடித்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் மறுபடியும் நாகரஹொளே. மூன்றாவதாகப் போக இருந்த நர்ஸின் மகளுக்குப் பிரசவ நேரம் வந்துவிட்டது. ஒரு இடம் காலி. "நான் வர்றேன்" என்றேன். என் மனைவி சிநேகிதியைப் பார்த்தாள். என் பெண்டாட்டியோடு போக நான் அடுத்தவளிடம் உத்தரவு வாங்கவேண்டும்!

"அண்ணே, வாயத் தொறக்கக்கூடாது. சத்தியம் பண்ணுங்க" என்றாள் சிநேகிதி. பண்ணினேன். "இந்த வாட்டியும் கத்துனீங்கன்னா, இதோட முடிஞ்சிதுங்க" என்றாள் என் மனைவி. விளையாட்டாகச் சொல்லவில்லை. இதைக் கெடுத்தால் இனி எந்தக் காட்டிலும் எனக்கு இடமில்லை என்பது தெரிந்துபோனது.

பத்து நாள் பயிற்சி எடுத்தேன். டிக்கெட் டிக்கெட் என்று காதோடு காதாகக் கேட்டேன். "இன்னா மாமா, தொண்ட கட்டிக்கிச்சா?" என்றான் டிரைவர். ஸ்டாப்பிங் தெரியாமல் தூங்கிப்போன ஒரு அம்மா கடலூர்வரை வந்து இறங்கி என்னைத் திட்டித் தீர்த்தது.

பெங்களூர் போய், மைசூர் போய், காட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை சஃபாரி. ஜீப்பின் பின்சீட்டில் இடது ஓரம் நான், நடுவில் அவள், வலது ஓரம் சிநேகிதி. நல்ல குளிர். ஒரு மணி நேரம் நான் இருமக்கூட இல்லை. மான், மயில், தூரத்தில் யானைக் கூட்டம் என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் திரும்பியது சிநேகிதி பக்கம். இருவரும் கன்னத்தோடு கன்னம் வைத்துக் குசுகுசுவென்று பேசி, வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நான் ஒரு ஆள் பக்கத்தில் இருப்பதே நினைவில்லை.

வலப் பக்கம் ஒரு காட்டெருமை கன்றோடு நின்றது. ஜீப் நின்றது. கைடு உட்பட எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு பெண்களின் பின்னந்தலைதான். சீ என்று போய்விட்டது. என்னமோ பண்ணுங்க என்று முகத்தை இடப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

மூங்கில் புதருக்கு நடுவே புலி இருந்தது.

பத்தடி, மிஞ்சினால் பதினைந்தடி. படுத்துக்கொண்டு என்னையே பார்த்தது. நெஞ்சு அடித்த அடியில் அந்தச் சத்தத்துக்கே எழுந்து போய்விடுமோ என்று பயந்தேன். கை தகரத்துக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். அவள் தோளைத் தொட்டேன். அவள் திரும்பாமலேயே என் கையைத் தட்டிவிட்டு, "ஷ்ஷ், சும்மா இருங்க" என்றாள்.

இன்னொரு தடவை தொட்டிருக்கலாம். முகத்தைப் பிடித்துத் திருப்பியிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது, அந்தப் புலி அவசரமே படவில்லை. நான் தொடவில்லை. சரிடி, நீ உன் சிநேகிதியோடு எருமையையே பார் என்று நினைத்தேன். அப்படியே, அதே வார்த்தையில் நினைத்தேன். புலி எழுந்து, முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்து, உள்ளே நடந்து போனது. அப்புறம் ஜீப் கிளம்பியது.

கேட்டருகே இறங்கினோம். "இந்த வருசமும் இல்லடி" என்று சிநேகிதி பெருமூச்சு விட்டுவிட்டு டீ வாங்கப் போனாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்த மூன்று நாள் முகம், ஆனால் இந்தத் தடவை என் பக்கம் திரும்பியிருந்தது.

"நீங்க ஒரு வார்த்தகூட பேசலங்க" என்று என் கையைப் பிடித்தாள். "அடுத்த வருசமும் வாங்க. மொதோ மொத புலியப் பாக்கும்போது நீங்க எம்பக்கத்துல இருக்கணும். நீங்க இல்லாம நான் மட்டும் பாத்தா, அது பாத்த மாதிரியே இருக்காது."

நான் சரி என்று தலையாட்டினேன்.