நிறம் பார்க்கப் பிறந்த செல்

கத்தியை எடுப்பதற்கு முன் டாக்டரம்மா ஜாடிக்குள் இருப்பதிடம் பேசுகிறார். "வாடா ராஜா, உனக்கு மேல் பக்கம் எது, கீழ் பக்கம் எது?" ஜாடிக்குள் இருப்பது ஒரு குழந்தையின் கண். புற்றுநோய் வந்ததால், உயிரைக் காப்பாற்ற எடுத்துவிட்ட கண். பத்திரிகைக்கு எழுத வந்தவன் மயங்கி விழுந்தால் நன்றாகவா இருக்கும்? முதல் தடவை சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

கண்ணை வெட்டித் திறக்கும் முன் பார்வை நரம்பின் முனையை நறுக்கித் தனியே வைத்துவிடுவார். முறை மாறினால் கட்டியின் துணுக்கு கத்தியில் ஒட்டிப்போய், நோய் நரம்பு வரை பரவிவிட்டதாகப் பொய் சொல்லுமாம். பிறகு மெல்லிய சீவல்கள் கண்ணாடித் துண்டில் ஏறும். பொழுதெல்லாம் அந்தத் துண்டுகளோடு கிடப்பதால் ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயர் கண்ணாடியக்கா. மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் தேடுவதாலும் இருக்கலாம். அவர் வீட்டுக்காரர் என்னிடம் புலம்பினார்: "ஜாடிக்குள்ள இருக்கிறதெல்லாம் ராஜா. எனக்கு வெறும் 'இந்தாங்க'தான்!"

ஒருநாள் நுண்ணோக்கியில் என்னைப் பார்க்கச் சொன்னார். ஊதா நிறப் புள்ளிகள் மொய்த்துக் கிடந்தன. "இது எங்கேர்ந்து கிளம்புச்சு தெரியுமா? பகல்ல நிறம் பாக்கப் பிறந்த செல்லு. முழுசா வளர்றதுக்குள்ள வழி தவறிப் போச்சு." வளர்ச்சியை நிறுத்தும் ஜீன் ஒன்று உண்டாம். அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. இரண்டும் கெட்டால் செல் பெருகிக்கொண்டே போகும். சில குழந்தைகள் பிறக்கும்போதே ஒன்று கெட்டிருக்கும். அவர்களுக்கு மற்றக் கண்ணும் ஆபத்தில்தான். சிவப்பையும் மஞ்சளையும் பார்த்திருக்க வேண்டிய செல்லா இது என்று நினைத்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

போன மாதம் ஒரு கைக்குழந்தையின் கண் வந்தது. குழந்தை இன்னும் குப்புற விழக்கூட இல்லை. அப்பாவுக்கு ஒரு கண் செயற்கைக் கண். சின்ன வயதில் போனது. அடிபட்டா, நோயாலா என்று சொல்ல யாரும் உயிரோடு இல்லை. இது பரம்பரைதான் என்று ஆஸ்பத்திரியே முடிவு கட்டிவிட்டது. அப்பாவும்தான். "எங்கிட்டேர்ந்துதான் வந்துச்சு" என்று சொல்லிச் சொல்லி, பிள்ளையைத் தூக்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

கட்டியின் ஜீன் பரிசோதனை முடிவு வந்தது. வளர்ச்சியை நிறுத்தும் அந்த ஜீன் இரண்டுமே பழுதில்லை. பரிசோதித்தவர் போனில் சிரித்தார்: "அக்கா, கட்டிய விட்டுட்டு நல்ல சதைய வெட்டி அனுப்பிட்டீங்க."

"என் கை மேலயே சந்தேகமா?" அக்காவுக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. இருந்தாலும் மறுபடி வெட்டினார், மறுபடி பார்த்தார். கட்டியேதான். ஆனால் செல்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக, உருண்டையாக இருந்தன. பிறகு போனை எடுத்தார். "பிரேக் நல்லாத்தான் இருக்குப்பா. ஆக்சிலரேட்டரைப் பாரு."

பார்த்தார்கள். வளரச் சொல்லும் வேறொரு ஜீன், இரண்டே பிரதி இருக்க வேண்டியது, கட்டுக்கட்டாகப் பெருகிக் கிடந்தது. அபூர்வமான வகை. குழந்தையின் ரத்தத்தில் பழுது எதுவும் இல்லை.

பெற்றோரைப் பார்ப்பது அவர் வேலை இல்லை. அன்று தானே கூப்பிட்டனுப்பினார்.

"இது உங்ககிட்டேர்ந்து வரல தம்பி. அம்மாகிட்டேர்ந்தும் வரல. அந்தக் கண்ணுக்குள்ளயே தானா ஆனது."

"அப்ப இன்னொரு கண்ணு?"

"நல்லா இருக்கு. இருந்தாலும் டாக்டர் கூப்பிடறப்பல்லாம் கொண்டாந்து காட்டணும்."

அம்மா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். அப்பா அழவில்லை. "நான் அதைப் பாக்கலாமா?" என்றார். நுண்ணோக்கியின் இரண்டு குழல்களையும் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"ஒரு கண்ணு போதும். நானும் பாதி நேரம் அப்படித்தான்."

குனிந்தவர் நிமிரவே இல்லை. தோள்கள் குலுங்கத் தொடங்கின. அக்கா கையை நீட்டி, நோய் எட்டாத ஓரம் தெரியும்வரை கண்ணாடித் துண்டை மெல்ல நகர்த்தினார். அங்கே வழி தவறாத செல்கள் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நின்றன.