மஞ்சள் வண்டியில் ஏறிய மகள்

சில வருடங்களுக்கு முன், ஒரு ஜூன் மாத மத்தியானம். சிவகாசியை ஒட்டிய ஓர் ஊரில், அரசுப் பள்ளிக்கூட வாசலில் அழுதுகொண்டு நின்றேன்.

நான் பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாமே மஸ்கட்டில். இது என் கணவரின் சொந்த ஊர். மஸ்கட்டில் அவருக்கு வேலை போனதும், மூன்றாம் வகுப்புக்குப் போகவேண்டிய மகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டோம். வீட்டில் தமிழ்தான் பேசுவோம். ஆனால் இங்கே பள்ளிக்கூடம் எப்படி நடக்கும் என்று எனக்கு ஒன்றுமே தெரியாது. மஸ்கட்டில் காலையில் சீக்கிரமே ஆரம்பித்து மத்தியானத்தோடு முடிந்துவிடும். மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையாகப் போய் மஞ்சள் பஸ்ஸில் ஏறிக்கொள்வார்கள்.

முதல் நாள் மகளை வகுப்பில் விட்டுவிட்டு, கணவர் வேலை விஷயமாக விருதுநகர் போய்விட்டார். எப்போது விடுவார்கள் என்று நான் கேட்கவில்லை. இதைக்கூடவா சொல்ல வேண்டும் என்று அவரும் நினைத்திருப்பார். நானாக மத்தியானம் கிளம்பிப் போனேன். ஆட்டோ கிடைக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. போய் இறங்கினால், பிள்ளைகள் பலர் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். என் மகள் மட்டும் இல்லை. அனுமதி இல்லாமல் உள்ளே போகலாமா என்றும் தெரியவில்லை. கேட்பதற்குக் காவலாளியும் இல்லை. வாசலிலேயே நின்று அழ ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது ஸ்கூட்டியில் வந்த ஒரு பெண் வண்டியை நிறுத்தினார். என் வயதுதான் இருக்கும். தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. மகனைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூட்டிப் போக வந்தவர்.

“என்னக்கா, எதுக்கு அளுகுறீக?”

“ஸ்கூல் விட்டாச்சு. என் பொண்ணைக் காணோம்.”

“யக்கா, இது சோத்து மணி. சாயங்காலந்தான் விடுவாக. பக்கத்துல வீடு இருக்குற பிள்ளைக மட்டும் சாப்பிடப் போகுதுக. ஒங்க பொண்ணு உள்ள சத்துணவு சாப்பிட்டுக்கிட்டு இருப்பா, வாங்க” என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. அது கொஞ்ச நேரம்தான். தட்டோடு உட்கார்ந்திருந்த வரிசையில் அவள் இல்லை. வகுப்பிலும் இல்லை. அவளுடைய பையும் இல்லை. டீச்சருக்கு முகம் வெளிறிவிட்டது. மற்ற பிள்ளைகளைக் கை கழுவக் கூட்டிப் போன நேரத்தில் அவள் வெளியே போயிருக்க வேண்டும். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. நான் எப்படி நினைத்தேனோ, அப்படியேதான் அவளும் நினைத்திருக்கிறாள். மணி அடித்ததும் பள்ளி முடிந்துவிட்டது என்று பையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வெளியே லோடு லாரிகள் விடாமல் ஓடும் சாலை. அவளுக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூட வாசிக்கத் தெரியாது. மஸ்கட்டிலிருந்து புதிதாக வந்தவர்கள் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி அழுதேன்.

அந்தப் பெண் என் தோளை உலுக்கினார். “அங்கன பள்ளிக்கூடம் விட்டா எப்படி வீட்டுக்கு வருவா? அதைச் சொல்லுங்க மொதல்ல.”

“மஞ்சள் பஸ்ல.”

“அப்ப பஸ் நிக்கிற எடத்துல பாப்போம். ஏறுங்க.”

மகனை டீச்சரிடம் விட்டுவிட்டு என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டார். சாலையில் கொஞ்ச தூரம் போனதும் ஒரு டீக்கடை. எதிரே வேப்பமர நிழலில் ஒரு மஞ்சள் பஸ். பட்டாசுக் கம்பெனி ஆட்களை ஏற்றிப் போகிற வண்டி. ஏதோ பள்ளிக்கூடத்தின் பழைய பஸ்ஸை வாங்கி, நிறத்தைக்கூட மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் டிரைவருக்குப் பின் சீட்டில், பையை மடியில் வைத்துக்கொண்டு என் மகள் உட்கார்ந்திருந்தாள்.

அவளைக் கட்டிக்கொண்டு நான் அழுத அழுகையைப் பார்த்து அவளும் அழுதாள். “என் ஸ்டாப் எதுன்னு இந்த அங்கிளுக்குத் தெரியலம்மா” என்றாள்.

டிரைவர் ஒரு பெரியவர். அவருடைய செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது.

“பாப்பா என் ஸ்டாப்புலதான் எறங்குவேன்னு ஒரே அடமா இருந்துச்சு. யூனிபாரமும் இல்ல, எந்தப் பள்ளிக்கூடம்னும் தெரியல. நம்பர் சொல்லுச்சு, அடிச்சா போகல. டீக்கடைக்காரரை விசாரிக்க அனுப்பியிருக்கேன்” என்றார். அவள் சொன்னது என் பழைய மஸ்கட் நம்பர்.

பட்டாசு மருந்து கலக்குகிற ஆட்களுக்கு வேலை சீக்கிரமே முடிந்துவிடுமாம். விஸ்வநத்தம் பக்கம் போய் அவர்களை ஏற்ற வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. கம்பெனியிலிருந்து திட்டித் திட்டிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் வண்டியை எடுக்கவில்லை.

“தேடி வர்றவுக இங்கனதான வருவாக? நான் பாட்டுக்கு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டா நீங்க எங்கன போய்த் தேடுவீக?” என்றார். நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

பள்ளிக்குத் திரும்பினோம். மகளுக்காகச் சோறும் முட்டையும் மூடி வைத்திருந்தார்கள். சத்துணவு சமைக்கும் அக்கா என்னைப் பார்த்து, “நீங்க சாப்பிட்டீகளா?” என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்ததும் எனக்கும் ஒரு தட்டு வந்தது. தலைமையாசிரியை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “தப்பு எங்க மேலதாம்மா. புதுசா வந்த பிள்ளைக்கு மணியோட அர்த்தத்தைச் சொல்லிருக்கணும். நாளைக்கு நீங்களும் வந்து பிள்ளை கூடவே இருங்க” என்றார்.

மறுநாள் மூன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் நானும் உட்கார்ந்தேன். காலைக் கூட்டம், இடைவேளை, சாப்பாடு, விளையாட்டு என்று ஒவ்வொரு மணிக்கும் என்ன அர்த்தம் என்று பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு எங்களுக்குச் சொன்னார்கள். மகள் சிரித்தாள். இந்த ஊருக்கு வந்த பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

பிறகு ஒரு நாள் கணவரோடு போய் அந்த டிரைவரைப் பார்த்தேன். ரொம்பத் திட்டினார்களா என்று கேட்டேன். “அது நெதமும் விழுகுறதுதான். பாப்பா இப்ப பயமில்லாமப் போகுதா?” என்று மட்டும் கேட்டார்.

மகள் இப்போது தமிழ்ப் பாடத்தை எனக்கே சத்தமாக வாசித்துக் காட்டுகிறாள். வந்த புதிதில், எப்போது திரும்பிப் போவோம் என்று தினமும் கணவரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்காக ஒருவர் வண்டியை எடுக்காமல் நின்ற அந்த மத்தியானத்துக்குப் பிறகு, அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை.