கடல் போன ஊருக்கு நான் காவல்

மியூசியக் காவல்காரனுக்கு ரண்டு வசனம் தெரிஞ்சால் போதும்: "தொடாதைங்கோ", "கக்கூஸ் அந்தப் பக்கம்." நாள் முழுக்க நிண்டு சம்பளம் வாங்கிற சனங்களே, என்ரை கதையைக் கேளுங்கோ. ரண்டாயிரத்து அஞ்சு, ஆறு காலம். மொன்றியல் டவுன்டவுனிலை ரெஸ்ரோரண்டிலை கோப்பை கழுவிக்கொண்டிருந்தவனுக்கு மியூசியத்திலை தற்காலிக வேலை கிடைச்சுது. வட பிரான்சிலை குன்றுக்கு மேலை மதில் கட்டின மொந்த்ரெய்-சூர்-மேர், அதாவது 'கடலோர மொந்த்ரெய்', எண்ட ஊரைப் பற்றின கண்காட்சிக்கு என்னைக் காவல் போட்டிச்சினம்.

கடல் எங்கை?

மேசையிலை வைச்சிருந்த ஊரின்ரை சின்ன உருவத்தைச் சுற்றிச் சுற்றிப் பாத்த ஒரு கிபெக் கிழவர், "பேரிலை கடல் இருக்கு, இதிலை கடலைக் காணேல்லையே?" எண்டார். தெரியாதெண்டு சொல்ல மானம் விடேல்லை. "கடல் துண்டு இன்னும் வந்து சேரேல்லை, பேந்து வைப்பினம்" எண்டிட்டன்.

அவர் போனாப்பிறகு பக்கத்திலை இருந்த விளக்கப் பலகையை வாசிச்சால், ஒருகாலத்திலை துறைமுகமாம். ஆறு மண் மூடி, கடல் எப்பவோ விலகிப் போட்டுதாம். நிலத்துக்குள்ளை புதைஞ்சு போகலாம் போலை கிடந்தது. அடுத்த கிழமை மனிசன் பெண்சாதியோடை வந்து எல்லாருக்கும் கேக்கக் கேட்டார்: "மிஸ்யூ, கடல் வந்திட்டுதோ?"

சம்பளம் நிக்கிறதுக்கு

அந்த வெக்கத்திலை எல்லாப் பலகையையும் பாடமாக்கிப் போட்டன். பேந்து வாய் மூடினால்தானே! அதுவும் அந்த ஊரிலையிருந்து கொண்டுவந்து வைச்ச மர மாதா சிலை. எதிரிப் படை வந்து ஊரை எரிச்சபோது சனம் தூக்கிக்கொண்டு ஓடின சிலையாம். கும்பிட்ட கைகள் பட்டுப் பட்டுக் கால்விரல் மழுங்கிப் போச்சாம். இதைக் கண்டவன் நிண்டவனுக்கெல்லாம் சொன்னன். ஆரோ முறைப்பாடு செய்ய, எங்கடை மேலாளர் மனுசி கூப்பிட்டு, "உமக்குச் சம்பளம் நிக்கிறதுக்கு, கதைக்கிறதுக்கில்லை. இன்னொரு பிழை விட்டால் வேலை இல்லை" எண்டா.

அடுத்த நாளே அடக்கேலாமல் ஒரு சென்னைப் பெடியனிட்டைத் தொடங்கினன். அவன் சிரிச்சுக்கொண்டு சொன்னான்: "அண்ணா, போர்டு நாங்களே படிச்சுக்கறோம், நீங்க நில்லுங்க."

மாதாவின்ரை கால்

ஒரு ஞாயிறு பூசை முடிஞ்சு எங்கடை பங்குச் சனம் வந்து இறங்கிச்சுது. "எங்கடை ஆள்தான் இஞ்சை பொறுப்பு" எண்டு தங்களுக்குள்ளை பெருமையாக் கதைச்சினம். அப்பிடிப் புளுகி வைச்சது நான்தான். மன்னார்த் திரேசக்கா, நான் கனடா வந்த புதிசிலை சோறு போட்ட மனுசி, நேரை மாதாவிட்டைப் போனா. ஊரிலை செய்யிறமாதிரி காலைத் தொட்டுக் கண்ணிலை ஒத்தக் கையை நீட்டினா. வாசலிலை மேலாளர் நிக்கிறா. ஐயோ, எனக்குக் கோப்பை கழுவிற தொட்டிதான் கண்ணுக்கு முன்னாலை வந்துது. "மடாம், தொடக் கூடாது!" எண்டு பிரெஞ்சிலை கத்தினன், ஆரெண்டே தெரியாதவன் மாதிரி. சனமெல்லாம் என்னையே பாத்துது.

அக்கா கையை எடுத்தா. மேலாளரைப் பாத்தா, என்னைப் பாத்தா. கிட்ட வந்து மெல்லமாச் சொன்னா: "கையை எடுத்திட்டன் தம்பி. நீர் நடுங்காதையும், மாதாவுக்கு ஒண்டும் ஆகேல்லை."

கைபட்டுத் தேய்ஞ்ச காலைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் நடத்தின எனக்கு, தொட வந்த ஒரு கையை வெருட்டினதுக்குத்தான் அடுத்த மாதம் வேலை நிரந்தரமாச்சு.