அக்கரை ராகி

யுத்த காலத்தில் எங்கள் வீடு மதராஸ் மாகாணத்தில் இருந்தது, நிலம் மைசூர் ராஜ்யத்தில் இருந்தது. நடுவே ஓர் ஓடை. கோடையில் செருப்பு நனையாமல் தாண்டலாம். ராஜ்யம் மாறுகிற இடம் அது என்று எங்கள் ஆட்கள் யாரும் கவலைப்பட்டதில்லை. அவர்கள் படாத கவலையெல்லாம் என் பங்குக்கு வந்தது.

அந்த வருஷம், தானியம் மைசூர் எல்லையைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு. எங்கள் ராகி அக்கரைக் களத்தில் குவிந்து கிடந்தது. வீட்டில் பானை காலி. மாரண்டஹள்ளிச் சந்தையில் கேட்டால் கையை விரித்தார்கள். அப்பா கட்டிலை விட்டு எழ முடியாதவர். களியைத் தவிர வேறெதுவும் அவருக்குத் தொண்டையில் இறங்காது.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். ஆபீஸ் வாசலைக் கண்டாலே வேறு வழியாகச் சுற்றிப் போகிறவன். இருந்தும் போய் ரேஷன் கார்டு கேட்டேன்.

"நெலம் வெச்சிருக்கியே, உனக்கெதுக்குய்யா ரேஷன்?" என்றார் மதராஸ் பக்கத்துக் குமாஸ்தா.

"வெளஞ்சத எடுத்தார உட மாட்டேங்கறாங்க சாமி. நீங்க ஒரு வார்த்த எழுதிக் குடுத்தீங்கன்னா..."

"நானா? அது மகாராஜா சீமை. நம்ம அதிகாரம் ஓடையோட சரி."

"அப்ப அந்த நெலத்தக் கணக்குல சேக்காம கார்டு குடுங்க சாமி."

"அதெப்படி? நெலம் உன்னுதுதானே!"

அதிகாரம் தாண்டாத ஓடையைக் கணக்கு மட்டும் எப்படித் தாண்டியது என்று வழியெல்லாம் யோசித்தேன். இன்றுவரை விளங்கவில்லை.

என் மனைவி யோசிக்கவில்லை. "ராகி வூட்டுக்கு வராதுன்னா, வூடு ராகிகிட்டப் போவட்டும்" என்றாள். மாவரைக்கிற எந்திரக்கல்லும் சட்டியும் அக்கரைக் களத்துக் குடிசைக்குப் போயின. தினமும் குழந்தைகளோடு அங்கே போய்ச் சாப்பிட்டுத் திரும்பினோம். ஓடைக்கரையில் நின்ற மைசூர்க் காவல்காரரிடம் அவளே கேட்டாள்:

"வயித்துக்குள்ள போட்டுக்கிட்டுத் தாண்டலாமுங்களா?"

"வயித்தப் பாக்கச் சொல்லி இன்னும் ஆர்டர் வரலம்மா."

அப்பாவின் வயிறுதான் இக்கரையிலேயே இருந்தது. முதல் நாளே ஓர் உருண்டைக் களியை இலையில் மடித்துக்கொண்டு நான் ஓடையில் இறங்கினேன். காவல்காரர் கூப்பிட்டார்.

"ஏனு அது, கையில?"

"களிங்க. அப்பாவுக்கு."

"ராகில பண்ணதா?"

பொய் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் "ஆமாங்க" என்று வாய் சொல்லிவிட்டது. அவர் இலையைப் பிரித்தார். ஓரத்தில் கிள்ளி, மெல்லாமல் விழுங்கினார். கொஞ்ச நேரம் ஆகாயத்தைப் பார்த்தார்.

"இது தானியம் இல்ல, சாப்பாடு. ஹோகு" என்று போகச் சொல்லிக் கை காட்டினார்.

அப்பா இலையைப் பிரித்ததும் கேட்டார்: "யார்ரா இதக் கிள்ளுனது?"

"மைசூரு சர்க்காருங்கப்பா."

"அப்ப நம்ம சர்க்காருக்கும் கொஞ்சம் எடுத்து வையி. அப்புறம் கோவிச்சுக்கப் போவுது."

அவர் கேலிதான் செய்தார். அதன்பிறகு முழு உருண்டையையும் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். நான் எழுந்து, வாசலில் சர்க்கார் ஆள் யாரும் நிற்கவில்லையே என்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.