பூமி சாய்ந்ததால் போன வயல்

மக்களே, நேற்று நீங்கள் இரண்டு பேரும் பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தபோது நான் உள்ளே படுத்திருந்தேன். தூங்கவில்லை. "பூமி தன் அச்சில் இருபத்து மூன்றரை பாகை சாய்ந்திருக்கிறது" என்று மூத்தவள் வாசிக்க, சின்னவன் அதையே பாட்டுப்போல இழுத்துச் சொன்னான். பிறகு, "யக்கா, எதுக்கு சாஞ்சிருக்கு?" என்று கேட்டான். "அதெல்லாம் பரீட்சைக்கு வராதுலே" என்றாள் அவள்.

எழுந்து வந்து பதில் சொல்லியிருக்கலாம். உடம்பு அசதி, விட்டுவிட்டேன். எதற்குச் சாய்ந்தது என்று எனக்கும் தெரியாது. ஆனால் சாய்ந்திருப்பதால் என்ன ஆகும் என்று தெரியும். நமக்கு ஒரு வயல் இருந்தது. அது கையை விட்டுப் போனதில் அந்தச் சாய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. நான் படித்தது ஏழாம் வகுப்பு வரைதான். பிழை இருந்தால் உங்கள் வாத்தியாரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

வயல் கொட்டாரத்துக்குப் போகிற வழியில் இருந்தது. சொந்தமில்லை, பாட்டத்துக்கு எடுத்தது. நிலம் ஒருவருக்கு, பாடு நமக்கு. ஒவ்வொரு அறுப்பிலும் பேசிவைத்த நெல்லை அவருக்கு அளந்துவிட்டு மிச்சத்தை நாம் கொண்டுவரலாம். நிலத்துக்காரர் திருவனந்தபுரத்தில் உத்தியோகம் பார்த்தார். அவர் முகத்தை நான் கண்டதில்லை. அவருக்காக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது ஒரு காரியஸ்தர்தான். கண்டிப்பான மனிதர், ஆனால் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.

நாடு சுதந்திரம் அடைந்த வருஷம் அந்த வயலில் முதல் ஏர் பூட்டினேன். கிழமேலாக நீண்டு, தெற்கு வடக்கில் ஒடுங்கிய துண்டு. தெற்கு வரப்பை ஒட்டி ஒரு மேடு. அதில் வரிசையாகத் தென்னை நட்டிருந்தார்கள். மேடும் அதே நிலத்துக்காரருடையதுதான். நான் வயலில் இறங்கியபோது அந்தக் கன்றுகளின் ஓலை தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. மதியம் அதன் ஓரத்தில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கக்கூட நிழல் போதாது. இது சீக்கிரம் வளரக்கூடாதா என்று நானே ஆசைப்பட்டிருக்கிறேன்.

வளர்ந்தது. ஐந்தாறு வருஷத்தில் ஓட்டு வீட்டு உயரம் வந்துவிட்டது.

நமக்கு வருஷத்தில் இரண்டு விளைச்சல். புரட்டாசியை ஒட்டி, மலையாளக் கணக்கில் கன்னி மாசம், அறுப்பது கன்னிப்பூ. மாசியில், கும்ப மாசம், அறுப்பது கும்பப்பூ. மரம் உயர உயரக் கன்னிப்பூவுக்கு ஒரு குறையும் வரவில்லை. கும்பப்பூ மட்டும் வருஷத்துக்கு வருஷம் தேய்ந்தது. வயலின் தெற்குப் பாதியில் பயிர் உயரமாக, தளதளவென்று, பார்க்க அழகாக நிற்கும். கதிரைக் கையில் பிடித்தால் பாதி பதர். ஒரு காற்று அடித்தால் தண்ணீரில் சாய்ந்து படுத்துவிடும். காரணத்தை நான் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்த்திகை பிறந்தால் தென்னை நிழல் வயலுக்குள் இறங்கும். மார்கழி, தை முழுக்க உச்சி வேளையில்கூட அங்கேயே கிடக்கும். மாசிக்கு மேல்தான் மெல்லப் பின்வாங்கும். பயிர் கதிர் வாங்குகிற காலம் முழுக்க வெயில் இல்லை.

மூன்றாம் வருஷமும் கும்பப்பூ குறைந்தபோது காரியஸ்தர் களத்துக்கு வந்தார். நெல் குவியலைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"என்னவே, கன்னிப்பூவுக்கு வாரிக் கொடுக்க வயலு, கும்பப்பூவுக்கு மட்டும் கையை விரிக்கி?"

"நெழலு அண்ணாச்சி. தென்னை நெழலு தெக்குப் பாதியில விழுகு."

"கன்னிப்பூவுக்கு அந்தத் தென்னை எங்க போச்சு? குமரி கோயிலுக்குக் கும்பிடப் போச்சோ?"

களத்தில் கதிர் அடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், வேறு யாரையாவது கேட்டிருந்தால். "அப்பம் நெழலு விழாது அண்ணாச்சி" என்றேன். அவர் வைக்கோலைக் காலால் கிளறிப் பார்த்தார். நெல்லை அதற்குள் ஒளித்துவைத்திருக்கிறேனா என்று பார்த்தார். அது எனக்குப் புரிந்தது, சிரித்தவர்களுக்கும் புரிந்தது.

"நேர்ல வந்து பாருங்கோ. இப்பமே வாருங்கோ, இன்னும் கொஞ்சம் நெழலு கெடக்கு" என்று கூப்பிட்டேன். அவருக்கு மகள் கல்யாணம் நெருங்கியிருந்தது, வரவில்லை. பிறகு அவர் வீட்டுக்கு எத்தனை நடை நடந்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். பாதி நாள் ஆள் இருக்காது. இருந்தால் "நாளைக்கு ஆகட்டும்" என்பார். கால் ஓய்ந்துபோய்த் திரும்புவேன். ஒவ்வொரு நாளும் நிழல் ஒரு விரல் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அதை நான் பிடித்து நிறுத்த முடியுமா?

கடைசியில் சித்திரை விஷு கழிந்த மறுநாள் வந்தார். அதுவும் உச்சிக்கு. "காலையிலயும் அந்திக்கும் எல்லா மரத்துக்கும் நெழலு நீளத்தான் செய்யும். உச்சிக்குப் பாத்தாத்தான் உண்மை தெரியும்" என்றார். நியாயமான பேச்சு. அதுதான் என்னை முடித்தது.

நம் ஊரில் வருஷத்தில் இரண்டு தடவை, சித்திரை பிறக்கிற சமயத்திலும் ஆவணி நடுவிலும், உச்சி வேளைச் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும். ஒரு கம்பை நேராக நட்டால் அதற்கு நிழலே இருக்காது. அப்படிப்பட்ட நாளில் வந்து நின்றார் காரியஸ்தர். தென்னைகளின் நிழல் அதனதன் மூட்டிலேயே, அடிமரத்தைச் சுற்றி வட்டமாகச் சுருண்டு கிடந்தது. வயல் முழுக்கப் பளபளவென்று வெயில்.

அவர் குடையை மடக்கினார். அவருடைய நிழலும் செருப்புக்கு அடியில்தான் இருந்தது.

"எங்கவே நெழலு?"

"மார்கழியில வரும் அண்ணாச்சி."

"மார்கழியில வரும். நீரு மார்கழி வரை இரிக்கச் சொல்லுகேரு. நான் விதைப்புக்கு முன்ன ஆளு மாத்தப் போறேன். வயலை விட்டிரும்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். வரப்பில் அவர் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். மூத்தவள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். அந்த வயல் போனால் வீட்டுக்கு நெல் என்று ஒன்று வராது. அரிசியைக் கூலிக்கு உழைத்துத்தான் வாங்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து யோசித்துக்கொண்டே கிடந்தேன். நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு பூமி உருண்டை உண்டு. தாங்கியில் கோணலாக நிற்கும். யாரோ கீழே போட்டு வளைத்துவிட்டு வாத்தியாரிடம் சொல்லாமல் வைத்துவிட்டார்கள் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பூமியே அப்படித்தான் என்று பிறகு சொன்னார்கள். அந்தப் பாடம் அன்றைக்கு எனக்கு ஞாபகத்துக்கு வந்தது. விஷயம் கிடைத்துவிட்டது என்று ஒரு தெம்பு. மறுநாள் காலையில் எலுமிச்சங்காய் ஒன்றும் தென்னை ஈர்க்கு ஒன்றும் எடுத்துக்கொண்டு காரியஸ்தர் வீட்டுக்குப் போனேன்.

அவர் முற்றத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு செம்பைக் கேட்டு வாங்கி நடுவில் வைத்தேன். "இது சூரியன் அண்ணாச்சி." எலுமிச்சங்காயின் தலையிலிருந்து அடிவரை ஈர்க்கைக் குத்தினேன். "இது பூமி. ஈர்க்கு அச்சு." அவருடைய சுண்ணாம்பில் கொஞ்சம் தொட்டுக் காயின் நடுவுக்குச் சற்று மேலே ஒரு பொட்டு வைத்தேன். "இது நாம."

"சின்னதாத்தான் இரிக்கோம்" என்றார்.

ஈர்க்கைச் சாய்த்துப் பிடித்தேன். காய் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு பகலும் ஒரு இரவும். செம்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் ஒரு வருஷம். சுற்றி வரும்போது சாய்வு மாறாது, ஈர்க்கு எப்போதும் அவர் வீட்டு வாசல் நடையைப் பார்த்தே சாய்ந்திருக்கும். செம்புக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது காயின் தலை செம்பை நோக்கிக் குனியும். அது நம் ஆனி, ஆடி. சூரியன் நமக்கு வடக்கே தெரியும், நிழல் தெற்கே விழும். அந்தப் பக்கம் போனால், அதே சாய்வோடு தலை செம்பை விட்டு விலகும். அது மார்கழி. சூரியன் தெற்கே தெரியும், நிழல் வடக்கே, என் வயலில் விழும். இதையெல்லாம் நான் இரண்டு தடவை சுற்றிக் காட்டினேன். வியர்த்துவிட்டது.

"அப்பம் பூமி சரிஞ்சா நிக்கி?"

"ஆமா அண்ணாச்சி."

"ஒமக்க வயலுகிட்ட மட்டும் சரிஞ்சு நிக்கோ? வேற ஒருத்தனும் வந்து சொல்லல்லியே."

"வேற வயலுக்குத் தெக்க தென்னை இல்ல."

கதவுக்குப் பின்னால் நின்ற அவர் வீட்டம்மா, "பச்சைக் காயைக் குத்தி நாசமாக்குதே இந்த மனுசன். ஊறுகாய்க்குத் தேடினா ஒண்ணு கிட்டல்ல" என்றார்.

காரியஸ்தர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். அவரும் அலுத்துப்போனவர்தான். கல்யாணச் செலவு, மேலே இருந்து கேள்வி. "நீரு சொல்லுகது நெசமாட்டே இருக்கட்டும் வே. நான் திருவனந்தோரத்துக்கு என்னத்தை எழுத? பூமி சரிஞ்சதால நெல்லு கொறைஞ்சு போச்சுண்ணு எழுதவா? என்னைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில சேப்பான்."

எலுமிச்சங்காயை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அந்த அம்மா எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு நாள் கழித்துத்தான் உங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"கேட்டியளா, அவரு தை பொறந்தா உத்தராயணம்ணு விடியுமுன்ன குளிச்சிட்டுக் கோயிலுக்குப் போற ஆளு. தையிலேருந்து சூரியன் வடக்க போவும், ஆடியிலேருந்து தெக்க திரும்பும்ணு அவருக்குத் தெரியாதா? நீங்க எதுக்குச் சூரியனை விட்டுட்டுப் பூமியைப் பிடிச்சிய?"

"சூரியன் போகல்லட்டீ. பூமிதான் சாஞ்சு நிண்ணு சுத்துது."

"எது சுத்தினா என்ன? நெழலு ஒண்ணுதானே?"

சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்தேன். வெயில் ஏறிவிட்டிருந்தது.

காரியஸ்தரிடம் இந்தத் தடவை ஒரே கேள்விதான் கேட்டேன். "தட்சிணாயனம் முடியிற மார்கழியில சூரியன் எங்க அண்ணாச்சி நிக்கும்?" அவர் உடனே, "தெக்க" என்றார். கால் பெருவிரலால் மணலில் ஒரு கோடு கீறினார். "தெக்க நிண்ணா நெழலு வடக்க. ஒமக்க வயலும் வடக்க." பிறகு என்னைப் பார்த்தார். "இதை அண்ணைக்கே சொல்லப்படாதாவே? காயும் செம்பும் வெச்சு வெளையாட்டுக் காட்டினீரு."

"அதுவும் இதுவும் ஒண்ணுதான் அண்ணாச்சி."

"ஒண்ணுதான். ஆனா நேத்து மத்தவனுக்கு வாக்குக் கொடுத்து வெத்திலையும் வாங்கியாச்சு. இனி மாத்திப் பேசினா நான் மனுசனா? அவனுக்கும் பிள்ளைகள் இருக்கு." பிறகு, "நீரு நெல்லை ஒளிச்சேருண்ணு இனி நெனைக்க மாட்டேன்" என்றார். அதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்றவர்களிடமும் சொன்னாரா என்று தெரியாது. நான் கேட்கவில்லை.

பகல் பொழுது நமக்கு ஒரு மணி நேரம்தான் கூடிக் குறையும். வடக்கு தேசங்களில் உள்ளதுபோலப் பனியும் கோடையுமாக உலகமே மாறுவதில்லை. அதனால் இந்தச் சாய்வு நம் பக்கத்தில் யார் கண்ணிலும் அதிகமாகப் படுவதில்லை. படுகிற இடத்தில் படும், அவ்வளவுதான்.

அந்த வருஷம் கன்னிப்பூவைப் புது ஆள் எடுத்தான். நன்றாகவே விளைந்தது. நான் கிடைத்த இடத்தில் கூலிக்குப் போனேன். மார்கழியில் ஒரு நாள் கொட்டாரத்தில் விறகு பிளந்துவிட்டு மதியம் அந்த வயல் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். வேறு வழியும் உண்டு, ஆனால் அது சுற்று. கால் வலித்தது.

வயல் பக்கம் யாரும் இல்லை. தென்னைகளின் நிழல் தெற்குப் பாதி முழுக்க விரிந்து கிடந்தது. நிழலுக்குள் பயிர் ஒரு சாண் அதிகமாக வளர்ந்து, துவண்டு நின்றது. வெளியே நின்ற பயிர் குட்டையாக, விறைப்பாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே கோடு போட்டதுபோல இருந்தது. இதைப் பார்க்கும் நாளில் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. புது ஆள் களத்தில் நிற்கப்போவதையும், குவியலைச் சுற்றி ஒருவர் நடக்கப்போவதையும் நினைத்தேன். இந்தத் தடவை காரியஸ்தருக்குக் காரணம் தெரியும் என்பது அவனுக்காவது ஒரு ஆறுதல்.

காய்ந்த மட்டை ஒன்று மரத்திலிருந்து விழுந்து பயிரின்மேல் குறுக்கே கிடந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். மட்டையைத் தூக்கி மேட்டில் போட்டேன். அதன் அடியில் நசுங்கிக் கிடந்த நெல் மூடுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, வேர்ப்பக்கம் சேற்றைக் கூட்டி விரலால் அமுக்கினேன்.