ஆயில் மீட்டர் படுத்துக்கொண்ட நாள்

அறுபதுகளில் செஞ்சிக் கடைத்தெருவில் எனக்கு ஒரு கார் பட்டறை இருந்தது. மளிகைக்கடை முதலாளி ஒருவரின் பழைய காருக்கு எஞ்சினை முழுசாகப் பிரித்து, புது பேரிங் போட்டுக் கொடுத்தேன். முதல் ஓட்டமாக மேல்சித்தாமூரில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். ஓட்டியது நான். ஒரு டின் நல்லெண்ணெயைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். டிக்கியில் வைக்கச் சொன்ன அவர் மனைவி பின்சீட்டில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

பாதி வழியில், எஞ்சினுக்குள் எண்ணெய் ஏறும் அழுத்தத்தைக் காட்டும் ஆயில் மீட்டரின் முள் சரசரவென்று இறங்கிப் பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. எண்ணெய் ஏறாவிட்டால் புது பேரிங் எல்லாம் நிமிஷத்தில் பொசுங்கிவிடும். உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினேன்.

அளவுக்குச்சியை உருவிப் பார்த்தேன். எண்ணெய் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. அப்படியானால் எண்ணெயை ஏற்றும் பம்ப்பின் வாயை ஏதோ அடைத்திருக்க வேண்டும். நான் கை துடைத்து உள்ளே மறந்துவிட்ட துணியாகவே இருந்தால்? பக்கத்துக் கொல்லையில் ஓர் அம்மாவிடம் கெஞ்சி, நெல் அவிக்கும் அண்டாவை வாங்கி எண்ணெயை இறக்கினேன். முதலாளியின் மனைவி அந்த அம்மாவோடு மரத்தடியில் பேச உட்கார்ந்துவிட்டார். முதலாளி மட்டும் இறங்க மறுத்தார். அந்த வெயிலிலும் மேல்துண்டால் காலை மூடிக்கொண்டிருந்தார். அவர் கனத்தையும் சேர்த்துத்தான் ஜாக்கியில் ஏற்றினேன்.

அடியில் படுத்து, எண்ணெய் தேங்கும் ஆயில் சேம்பரைக் கழற்றினால் பம்ப்பின் வாயில் இருக்கும் வலை அடைப்பே இல்லாமல் பளிச்சென்று இருந்தது. எல்லாவற்றையும் மாட்டி, எண்ணெயை வடிகட்டி ஊற்றி, ஸ்டார்ட் செய்தேன். எண்ணெய் ஏறாத எஞ்சின் தடதடக்கும்; இதில் ஒரு தட்டல்கூட இல்லை. முள் மட்டும் அசையவில்லை. அப்போதுதான் மீட்டர்மேல் சந்தேகம் வந்தது. அந்தக் கால மீட்டருக்கு மெல்லிய செம்புக் குழாயில் எஞ்சின் எண்ணெயே வந்து முள்ளைத் தள்ளும். குழாயைப் பார்க்க முதலாளியைக் காலை நகர்த்தச் சொன்னேன்.

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "என் டின்னு ஒழுகிடுச்சி தம்பி. அவ காதுல போட்டுடாத."

துண்டை விலக்கினேன். இரண்டு பாதமும் தேன் நிறத்தில் மின்னின. புது எஞ்சின் எண்ணெய் பார்வைக்கு நல்லெண்ணெய் மாதிரியே இருக்கும். மூக்குப்பொடி பழகிய அவர் மூக்குக்கு வாசனையும் எட்டவில்லை. அவர் முழங்காலுக்கு மேலே, மீட்டருக்குப் பின்னால், நான் முறுக்க மறந்த நட்டு சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு சுற்று முறுக்கியதும் முள் எழுந்தது.

டின்னில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. முதலாளி சந்தோஷம் தாங்காமல் இறங்கி, மனைவியிடம் போய் டின் ஒழுகவே இல்லை என்றார்.

"ஒழுகிச்சின்னு யாரு சொன்னது?" என்றார் அவர்.

அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொடுத்துவிட்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, மகள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.