பவளப்பாறை என்ன நிறம்?

பிள்ளைங்களா, எங்க கம்பெனியில எங்களை அந்தமான்ல ஒரு குட்டித் தீவைச் சுத்திப் படகுல கூட்டிக்கினு வந்திருக்காங்க. கூட வேலை பார்க்கிறவங்க எல்லாரும் கண்ணாடியும் குழாயும் மாட்டிக்கினு, தண்ணிக்குள்ள முகத்தை விட்டு வேடிக்கை பார்க்கறாங்க. நான் மட்டும் தண்ணியில படகுக் கயிற்றைப் பிடிச்சிக்கினு திணறுறேன். பவளப்பாறை என்ன நிறம்னு பார்த்து வந்து சொல்லுங்கப்பான்னு நீங்க கேட்டிருக்கீங்க. குழாயைக் கடிச்சா எனக்கு மூச்சே வர மாட்டேங்குது.

"மூக்கை மறந்துடுங்கண்ணே, வாயால மூச்சு விடுங்க," என்கிறார் வழிகாட்டி செல்வம். இந்தத் தீவுலயே பொறந்த தமிழர்.

"நெய்வேலி மைன்ஸ்ல வேலைங்க. தூசிக்குப் பயந்து வாயை மூடியே பழகிடுச்சு."

"இங்க ஏதுண்ணே தூசி? தாராளமாத் திறங்க," என்று சிரிக்கிறார்.

திறக்கிறேன். மூச்சு வருது. குனிஞ்சு பார்க்கிறேன். கீழே எல்லாம் வெளுத்துக் கிடக்குது, நம்மூர்ச் சாம்பல் மேடு மாதிரி. ஒரே ஒரு மஞ்சள் மீன் அதுமேல அலையுது.

தலையைத் தூக்கி, "நிறமெல்லாம் எங்கங்க?" என்கிறேன்.

"கடல் சூடேறிச் செத்துப்போச்சுண்ணே. என் பொண்ணு பவளப்பாறை வரைஞ்சா கலரே அடிக்கிறதில்ல. கேட்டா, இதாம்பா அதோட கலருங்கிறா."

உங்களுக்குச் சொல்ல அந்த மஞ்சள் மீனை மட்டும் இன்னொரு தடவை பார்த்துட்டு, பழையபடி வாயை மூடிக்கினு படகுல ஏறுறேன்.